நட்ட கணக்கு இருக்கு, இருப்பு கணக்கு எங்கே?

ஜூன் 5 வந்தா போதும், நம்ம ஊட்டி, குன்னூர் பக்கம் மரக்கன்று நடும் விழா களை கட்டிடும். எத்தனை நட்டோம்னு பேனர்ல பெருசா போடுவாங்க. போன வருஷம் நட்டதுல எத்தனை உயிரோட இருக்குன்னு சொல்ற பேனரை நான் பார்த்ததே இல்லை. பி.காம் படிக்கிறவனுக்கு இது உறுத்துமா உறுத்தாதா? கொள்முதல் மட்டும் எழுதிட்டு இறுதி இருப்பை விட்டா எங்க சார் சும்மா விடுவாரா!

ஒழுங்கா கணக்கு எழுதுற இடம் ஒண்ணு நம்ம மாவட்டத்திலேயே இருக்குங்க. முதுமலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் (ஆமாம், யானை ஆராய்ச்சியாளர்தான்) குழுவினர் 1988ல் அங்கே ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலத்துக்கு, அதாவது 50 ஹெக்டேர் காட்டை அளந்து குறிச்சாங்க. ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் தகடு, வரைபடத்துல இடம். மொத்தம் 25 ஆயிரத்துக்கும் மேல! அதுக்கப்புறம் வருஷா வருஷம் எது செத்தது, எது புதுசா வந்ததுன்னு பார்க்கிறாங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பருமன் அளக்கிறாங்க.

டேப் சுத்துற வேலைதானேன்னு நினைக்காதீங்க. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரம், ஒவ்வொரு தடவையும் அதே இடம். கோடையில தண்ணி இல்லாம மரம் லேசா சுருங்கும், அதனால அதே பருவத்துல அளக்கணும். வளர்ச்சியே மில்லிமீட்டர் கணக்கு. கை கொஞ்சம் தவறினா ஒரு வருஷ வளர்ச்சியே காணாம போயிடும்.

இதனால என்ன லாபம்? கிடியா காலிசினான்னு ஒரு சின்ன மரம், முதல் கணக்கெடுப்புல ஆயிரக்கணக்குல இருந்தது. யானைகள் உடைச்சுத் தின்னதுல சில வருஷத்துலயே பெரும்பகுதி போயிடுச்சு. தகடு இல்லேன்னா "ஏதோ குறைஞ்ச மாதிரி இருக்கு"ன்னு பேசிட்டுப் போயிருப்போம்.

அந்தக் காசுக்கு இன்னும் நாலு மரம் நடலாமேன்னு ஒரு நண்பன் கேட்டான். எந்த மரத்தை? வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகையும் யூகலிப்டஸும் நட்டு நட்டுத்தான் நம்ம மலைப் புல்வெளியில பெரும்பகுதி போச்சு. இப்ப சீகையை வெட்டி எடுக்கத் தனிச் செலவு. ஆராய்ச்சிப் பணமோ பெரும்பாலும் மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு வருது. மரத்துக்கு அது ஒரு காலாண்டு மாதிரி.

அதனால அடுத்த ஜூன்ல எங்க கல்லூரியில நூறு கன்று நடுறதுக்குப் பதிலா, ஏற்கெனவே நிக்கிற நூறு மரத்துக்கு நம்பர் போட்டு, 1.3 மீட்டர்ல பெயிண்ட் கோடு இழுத்து அளக்கலாம். நோட்டை ஜூனியர்கிட்ட கொடுத்துட்டுப் போகணும். பேனர் வேணும்னா அஞ்சு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம்.