செவ்வாய்க்கிழமைச் சூது

மரக்காணம் உப்பளத்தில் வெயில் கண்ணைக் கூச, உப்பு வாருகிறவன் கூலியை எண்ணி வாங்குகிறான். அந்தக் கூலிக்கும் இன்று வலை விரித்திருக்கிறார்கள். கைபேசி வழியே அது கீழ்புத்துப்பட்டுத் தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. அதன் பெயர் வாராந்திர ஆப்ஷன்!

அது என்ன? நிஃப்டி குறியீட்டெண் ஏறும், அல்லது இறங்கும் என்று பணம் கட்டுவது. செவ்வாய் மாலை மூன்றரை மணிக்குக் கெடு. சொன்ன எண்ணைத் தாண்டாவிட்டால் கட்டிய பணம் பூஜ்யம். மழையில் உப்புக் கரைந்தால் பாத்தியாவது மிஞ்சும். இதில் என்ன மிஞ்சும்?

“எக்செல் கட்டத்தில் கணக்குப் போட்டு ஆடுகிறோம், இது சூதல்ல” என்கிறார்கள் படித்த தம்பிகள். நல்லது, கணக்கையே பார்ப்போம். 2024 செப்டம்பரில் செபியே வெளியிட்ட கணக்கு இது: 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளில் இந்த முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். போன பணம் 1.8 லட்சம் கோடி ரூபாய்!

போன பணம் எங்கே? 2023-24இல் மட்டும், செலவுகளைக் கழிக்குமுன், பெரும் தரகுக் கம்பெனிகள் 33,000 கோடியும் அந்நிய முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் அள்ளினார்கள். அதில் மிகப் பெரும்பகுதி, கம்ப்யூட்டர் தானே வாங்கி விற்றுச் சேர்த்தது. தம்பியின் எக்செல் கட்டம் அந்த யந்திரத்தின் முன் எம்மாத்திரம்?

2024 நவம்பரில் செபி, சந்தைக்கு ஒரு வாராந்திர ஆட்டம் போதும் என்று குறைத்தது. சூது என்று தெரிந்தபின் அந்த ஒன்று மட்டும் எதற்கு? யாருக்காக?

தம்பிகளே, கூலி போதாத கொடுமைக்குச் சூது மருந்தல்ல. கூலியைக் கூட்டக் கேட்போம். வாரச் சூதை மூடக் கேட்போம்!