ட்யூப் போடணுமா, டாக்டர்?

ஆபரேஷன் செய்துகொண்ட எந்த ஆண்பிள்ளையையாவது கேட்டுப் பாருங்கள். எத்தனை தையல், ரூம் வாடகை எவ்வளவு, இன்ஷூரன்ஸ்காரன் எதையெல்லாம் வெட்டினான், சாயந்திரம் கொடுத்த இட்லி எப்படிக் கல்லாக இருந்தது என்று ஒரு மணி நேரம் சொல்வார். சட்டையைத் தூக்கித் தழும்பைக்கூடக் காட்டுவார். ஒரே ஒரு ட்யூபைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். நீங்களாகக் கேட்டால், "காபி சாப்பிடறீங்களா?" என்பார்.

அந்த ட்யூபுக்குப் பெயர் யூரினரி கதீட்டர். சிறுநீர் வெளியே வருகிற வழியாகவே எதிர்த் திசையில் உள்ளே செலுத்தி, சிறுநீர்ப்பை வரை கொண்டுபோய் நிறுத்துகிற ரப்பர் அல்லது ஸிலிகான் குழாய். மறுமுனை, கட்டிலோரம் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்குப் போகும். இதைப் படிக்கும்போதே கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டீர்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

எனக்கு இந்த ஞானம் ஹெர்னியாவால் கிட்டியது. வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ சைஸில் ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் போய்விடும். "சிலிண்டர் தூக்கினதாலதான்" என்றேன் டாக்டரிடம். "எந்த சிலிண்டர்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

சர்ஜன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, ஓட்டையில் வலை வைத்துத் தைத்துவிடலாம், முக்கால் மணி நேரம் என்றார். கையெழுத்துப் போட ஒரு ஃபாரம் வந்தது. ஐந்து பக்கம்.

பி.காம். படித்து, ஆடிட் ஆபீஸில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் படிப்பான். நான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், 'தேவைப்படின் சிறுநீர்க் குழாய் பொருத்துதல் உட்பட' என்று இருந்தது. தேவைப்படின் என்றால் யாருக்குத் தேவைப்படின்?

கவுன்ட்டரில் இருந்த பையனைக் கேட்டேன். "அதெல்லாம் ரொட்டீன் ஸார்" என்றான்.

எனக்கு அந்த வார்த்தை ஆகாது. வவுச்சர் எங்கேய்யா என்று கேட்டால், "எப்பவும் இப்படித்தான் ஸார்" என்று பதில் சொன்ன கேஷியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட நல்லபடியாக ரிட்டையர் ஆகவில்லை. தவிர, சும்மா கையெழுத்து வாங்கினால் போதாது. என்ன செய்யப்போகிறோம், எதற்கு, மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன என்பதையெல்லாம் நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆக, கேட்பதில் தப்பில்லை. கேட்பதற்கு வாய்தான் வர வேண்டும்.

மயக்க மருந்து டாக்டர் ஓர் அம்மா. ஐம்பது வயசிருக்கும். பிரஷர், ஆஸ்துமா, பல் ஆடுகிறதா, எல்லாம் கேட்டு முடித்து, "வேற ஏதாவது?" என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அந்த நாலாம் பக்கத்துல..." என்று இழுத்தேன்.

"கதீட்டரா? தாராளமா கேளுங்க. ஆம்பளைங்க கேக்கவே மாட்டாங்க. ரொம்பத் துணிச்சல்காரங்க வைஃபை விட்டுக் கேக்கச் சொல்வாங்க."

மனைவி இருமினாள்.

அவர் வைத்தியத்தில் சொன்னதை நான் காமர்ஸில் எழுதிக்கொண்டேன். கிட்னி ஒரு ஃபேக்டரி. நீங்கள் தூங்கினாலும் லீவு கிடையாது. எழுபது கிலோ ஆசாமிக்கு மணிக்கு 35-லிருந்து 70 மில்லியாவது உற்பத்தி ஆகும். கையில் டிரிப்ஸ் ஓடினால் ஓவர்டைம். சிறுநீர்ப்பை கோடவுன். 150, 200 மில்லியில் முதல் தகவல் மேலே போகும். 400, 500-ல் அவசரத் தந்தி. முதுகில் ஊசி போட்டால் தகவல் கொண்டுபோகிற பியூன் அவுட். கோடவுன் நிரம்பிக்கொண்டே இருக்கும், முதலாளிக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், ஊசியின் மயக்கம் இறங்கும்போது கால் விரல் முதலில் ஆடிவிடும். கோடவுன் கதவு திறக்கிற அதிகாரம் கடைசியில்தான் திரும்பி வரும். ரொம்ப நேரம் மிதமிஞ்சி நிரம்பினால் பையின் தசை இழுபட்டுத் துவண்டு, அப்புறம் சுருங்கவே மறுக்கும்.

"அப்ப எல்லாருக்குமே போட்டுடலாமே?" என்றேன், எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி.

"ஏன் போடணும்? நாலஞ்சு மணி நேர ஆபரேஷன்னா போடணும். நிறைய ரத்தம் போகும், நிறைய ஃப்ளூயிட் ஏத்துவோம்னா போடணும். யூரின் எவ்வளவு வருதுங்கறதுதான் கிட்னிக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு எனக்குச் சொல்ற மீட்டர். அடிவயித்துக்குள்ள, பைக்குப் பக்கத்துலயே கத்தி வைக்கறாங்கன்னாலும் போடணும். உங்களுது முக்கால் மணி நேரம்."

போட்டால் நஷ்டக் கணக்கு என்ன? முதல் செலவு, கிருமி. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் பாக்டீரியா குடியேறுகிறது என்பது உலகம் பூரா சொல்கிற கணக்கு. எல்லோருக்கும் அது ஜுரமாக வெடிக்காது, சிலருக்கு வெடிக்கும். அதனால்தான் அமெரிக்காவின் சி.டி.சி. 2009-ல் கொடுத்த வழிகாட்டுதலில், ஆபரேஷனுக்காகப் போட்ட குழாயைக் கூடிய சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், எடுத்துவிடுங்கள் என்கிறது. நம் ஊரில் டாக்டர் ரவுண்ட்ஸ் வர மறந்தால், குழாயும் லாட்ஜில் ரூம் போட்டவன் மாதிரி தங்கிவிடுகிறது. இரண்டாவது, உள்பாதையில் சிராய்ப்பு. மூன்றாவது செலவைப் பற்றி ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்குக் கிட்னிக் கல். முழு மயக்கம் தெளிந்து கண் விழித்ததும், "சிஸ்டர், அர்ஜென்ட்டா யூரின் போகணும்" என்று கத்தியிருக்கிறார். "அது பாட்டுக்குப் போயிட்டுத்தான் இருக்கு, படுங்க" என்றாராம் நர்ஸ். பை காலி, ஆனால் உள்ளே இருக்கிற குழாய் உறுத்துவதால் மூளைக்கு அவசரத் தந்தி போய்க்கொண்டே இருக்கும். சாயந்திரம் வரை அவர் போகாத பாத்ரூமுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதற்கு அவருக்கு இரண்டு வருஷமும் எனக்கு இரண்டு ஃபில்டர் காபியும் பிடித்தன.

'சரி, வேண்டாம்' என்று நான் எழுந்தபோது அந்த அம்மா உட்காரச் சொன்னார்.

"இன்னொரு பக்கமும் கேளுங்க. இப்பப் போட்டா மரத்துப்போன அப்புறம் போடுவோம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வேண்டாம்னு விட்டு, சாயந்திரம் யூரின் போகலேன்னா, முழிச்சிருக்கறப்போ போட வேண்டி வரும். ஹெர்னியா ஆபரேஷன்ல சில பேருக்கு அப்படி ஆகும். அம்பது வயசுக்கு மேல, ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி. உங்களுக்குக் கம்மி. இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன்."

பார்த்தீர்களா? மேலுக்குப் பார்த்தால் 'ட்யூப் வேணுமா, வேண்டாமா' என்கிற கேள்வி. உள்ளே பார்த்தால் வேறு: எல்லோரும் கட்டுகிற சின்ன பிரீமியத்தை இப்போதே கட்டிவிடுவதா, அல்லது கட்டாமல் விட்டு, விபத்து நடந்தால் மொத்தமாகக் கொடுப்பதா? பி.காம். படித்தவனை இந்த மாதிரி ஒரு இடத்தில் நிறுத்தக் கூடாது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன், உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுப்பது. அவரும் முதலில், "ட்யூப் இல்லாம முடியுமா டாக்டர்?" என்று கேட்டுப் பார்த்தவர்தான். ஆனால் அங்கே ட்யூப்தான் பாதி வைத்தியம். சுரண்டிய இடத்தில் ரத்தம் கட்டி வழியை அடைக்காமல் இருக்க, மூன்று வாய் உள்ள குழாய் போட்டு, ஸலைன் தண்ணீரை ஒரு பக்கம் விட்டு இன்னொரு பக்கம் அலசி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"டேய், எனக்குக் கேள்வியே இல்லடா. போட்டாங்க. ரெண்டாம் நாள் பையை மஞ்சப்பை மாதிரி கையில பிடிச்சுண்டு வராண்டால வாக்கிங் போனேன். எதிர்ல மூணு பேர் அதே மாதிரி பையோட வந்தாங்க. குட்மார்னிங் சொன்னோம். உனக்கு எதுக்குன்னு கேட்டுண்டு போடு. எதுக்குன்னு பதில் வந்தா வாயை மூடிண்டு போட்டுக்கோ. பதில் வரலேன்னா மறுபடி கேளு."

ஆடிட் மானுவலில் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

தூக்கம் வராத நேரத்தில் இந்தக் குழாயின் பூர்வீகத்தையும் தேடிப் படித்தேன். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், 1752-ல், தன் அண்ணன் ஜானுக்காக வளைந்துகொடுக்கிற வெள்ளிக் கதீட்டர் ஒன்றைத் தட்டானைக் கொண்டு செய்வித்து அனுப்பியிருக்கிறார். அதற்கு முன்னால் விறைப்பான குழாய் என்று நினைத்தபோது எழுந்து தண்ணீர் குடித்தேன். இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பது ஃபோலி கதீட்டர். நுனியில் ஒரு குட்டி பலூன் இருக்கும். உள்ளே போன பிறகு 10 மில்லி மாதிரி தண்ணீர் ஏற்றினால் உப்பிக்கொண்டு, குழாய் நழுவி வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது தண்ணீரை உறிஞ்சிவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். (உறிஞ்சாமல் அரைத் தூக்கத்தில் இழுக்கிறவர்களும் உண்டு. அந்தப் பாராவை நான் தாண்டிவிட்டேன்.) ஃபோலி என்பவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநில டாக்டர். 1930-களில் இதை உருவாக்கினார். பேடன்ட் தகராறில் உரிமை டேவால் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த பால் ரைச் என்பவருக்குப் போய்விட்டது. பேர் மட்டும் ஃபோலியிடமே நின்றது. ராயல்டி ஒருத்தருக்கு, பேர் ஒருத்தருக்கு. எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

சைஸ் கணக்கும் சொல்லிவிடுகிறேன், பயம் கொஞ்சம் குறையும். '16' என்றால் மில்லிமீட்டர் இல்லை. மூன்றால் வகுக்க வேண்டும். 5.3 மில்லிமீட்டர் குறுக்களவு. 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு என்று வாயில் கலர் வைத்திருப்பார்கள். மரத்துப்போக வைக்கிற ஜெல்லியும் தடவுவார்கள். போடுவதற்கு ஆண் நர்ஸ் வேண்டும் என்றால், "மேல் ஸ்டாஃப் இருந்தா அனுப்புங்க" என்று சொன்னால் போதும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காலையில் முடிவு சொன்னேன். முன்கூட்டி வேண்டாம். ஆறு மணி நேரத்தில் போகாவிட்டால், ஸ்கேன் வைத்துப் பார்த்து, நிறைய இருந்தால் ஒரே ஒரு தடவை குழாய் விட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். அதற்கு நான் தகராறு செய்ய மாட்டேன். அந்த அம்மா இதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார். "தியேட்டருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வாங்க. நானும் டிரிப்ஸைத் தேவைக்கு மேல ஓட்டமாட்டேன்" என்றார். ஓப்பனிங் பேலன்ஸ் நில்.

எட்டு மணிக்கு உள்ளே, ஒன்பதுக்கு வெளியே. பதினொன்றரைக்குக் கட்டை விரல் ஆடியது. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் என் தையலைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. "யூரின் போனாரா?" அவ்வளவுதான். சர்ஜன் கேட்டார். சிஸ்டர் கேட்டார். பெருக்க வந்த ஆயாம்மா கேட்டது. ஊரிலிருந்து மாமனார் போன் செய்து, மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார். ஸி.ஏ. ரிஸல்ட்டுக்குக்கூட என் குடும்பம் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரு மணிக்கு, பிரதர் ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, நின்று பார்த்தேன். வரவில்லை. ஸ்கேனில் 290. "டைம் இருக்கு ஸார், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். டென்ஷன் ஆகாதே என்று பிறர் சொல்லி ஆகாமல் இருந்தவன் உண்டா? இரண்டு மணிக்கு ஒரு ட்ரேயில், மேலே பச்சைத் துணி போர்த்தி, எதையோ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். துணி விலகிய இடத்தில் ஆரஞ்சுக் கலர் தெரிந்தது. ஒப்புக்கொண்ட ஒப்பந்தம், மறுக்க முடியாது. கடைசியாக ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய், பிரதரை வெளியே நிற்கச் சொல்லி, குழாயைத் திறந்துவிட்டு, பத்தாம் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். பதினேழாம் வாய்ப்பாட்டில், 17 ஏழு 119-ல், வந்தது. அளந்த ஜாடியில் 350. வெளியே வந்து எண்ணைச் சொன்னபோது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தியமாக.

மறுநாள் டிஸ்சார்ஜ் பில் வந்தது. பதினாலாவது வரியில் ஃபோலி கதீட்டர் 1, யூரோ பேக் 1, ஜெல்லி 1.

"போடவே இல்லையே?" என்றேன் கவுன்ட்டரில்.

அதே பையன். "அது செட்டா வரும் ஸார். ரொட்டீன்."

"அப்ப செட்டைக் கொடுங்க, வீட்டுக்கு எடுத்துண்டு போறேன்."

பார்மஸிக்குப் போன் பறந்தது. கேஸ் ஷீட் வந்தது. அந்த அம்மா எழுதிய வரியைக் காட்டினேன். இருபது நிமிஷத்தில் 412 ரூபாய்க்கு கிரெடிட் நோட் போட்டுக் கொடுத்தார்கள். பி.காம். முடித்துப் பதினாறு வருஷத்தில், அந்தப் படிப்பு எனக்கு நேரடியாகச் சம்பாதித்துக் கொடுத்த தொகை அதுதான்.