விட்டுவிட்டு இறுகும் ஸ்டியரிங்: சாரதி மீது பழி போடுமுன்



1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு விரட்டப்பட்டு வவுனியாவுக்கு வந்த எமது மக்களில் கணிசமானோர் வெங்கலச் செட்டிகுளம் பிரிவில் குடியேறினார்கள். தோட்டத்தில் கொழுந்து லொறியில் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று இங்கே வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் லொறியில் ஏறுகிறார்கள். இடம் மாறியதே தவிர, லொறியின் பின்பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பயணம் மாறவில்லை. ஆகவே லொறியின் முன்பக்கத்தில் நடக்கும் கோளாறு சாரதியின் பிரச்சினை மட்டுமல்ல. பின்னால் நிற்கும் அத்தனை பேருடைய உயிர்ப் பிரச்சினையும் அதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மீண்டும் வழி திறக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய லொறிகளும் பெயின்ட் பூசப்பட்டுத் தொடர்ந்து ஓடின. அப்படிப்பட்ட பழைய லொறிகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பவர் ஸ்டியரிங் திடீரென்று கல்லாக இறுகும், கொஞ்ச நேரத்தில் தானாக இளகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தக் குறையும் தெரியாது. “நேற்று நன்றாகத்தானே ஓடியது, ஓட்டத் தெரியாதவன் சொல்லும் சாட்டு” என்பார் முதலாளி. வேலை போய்விடும் என்று சாரதி வாயை மூடிக்கொள்வார். விட்டுவிட்டு வரும் கோளாறு நிரந்தரக் கோளாறை விட ஆபத்தாவது இதனால்தான். நிரந்தரமாக இறுகிய லொறியை யாரும் வீதிக்கு எடுக்கமாட்டார்கள்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்ப், தாங்கியிலுள்ள ஒயிலை உறிஞ்சி, அழுத்தத்தோடு ஸ்டியரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. சாரதி வீலைத் திருப்பும்போது பெட்டிக்குள் இருக்கும் வால்வு அந்த அழுத்தத்தைத் திருப்பும் பக்கத்துக்குத் திறந்துவிடுகிறது. வேலை முடிந்த ஒயில் தாங்கிக்குத் திரும்புகிறது. ஒயில் உதவி நின்றாலும் வீலுக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. லொறியைத் திருப்பலாம், ஆனால் முழுப் பலமும் கையிலிருந்து வரவேண்டும். செட்டிகுளத்தில் மதவாச்சி–மன்னார் வீதி நேராக ஓடுவதால் இந்தக் குறை மறைந்திருக்கும். குளக்கட்டுப் பாதைக்குத் திரும்பும்போதுதான் வெளிப்படும். மலைநாட்டுக் கொண்டை வளைவில் வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதை எமது தோட்டத்து உறவுகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

மறைந்து விளையாடும் கோளாறைப் பிடிக்க ஒரே வழி, அது எப்போது வருகிறது என்பதை எழுதி வைப்பதுதான். ஒரு கொப்பி போதும். எஞ்சின் சூடா, குளிரா? பாரம் இருந்ததா? எந்தப் பக்கம் திருப்பும்போது வந்தது? ஓடும்போதா, நின்ற இடத்திலா? என்ன சத்தம் கேட்டது? மழையா, வெயிலா? நாலு நாள் எழுதினால் கோளாறு தன் முகவரியைத் தானே சொல்லத் தொடங்கும்.

காலையில் இலகுவாக இருந்து, ஒரு மணி நேரம் ஓடிச் சூடானபின் இறுகினால், பம்ப் தேய்ந்திருக்க இடமுண்டு. சூட்டில் ஒயில் இளகித் தேய்ந்த இடைவெளி வழியே பின்வாங்கிவிடும். இப்படிப்பட்ட பம்ப், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது கைவிட்டு, வேகத்தைக் கூட்டினால் மறுபடி உதவும்.

நின்ற இடத்தில் முழுதாகத் திருப்பும்போது கீச்சென்று சத்தம் வந்தால், மழை நாளில் இது அதிகமானால், பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்த அல்லது பளபளப்பாகத் தேய்ந்த பெல்ட் வழுக்கும். அதே பெல்ட் மின்பிறப்பாக்கியையும் சுற்றினால் லைட்டும் அதே நேரம் மங்கும். சில லொறிகளில் பம்புக்குப் பெல்ட் கிடையாது, பல்சக்கரமே சுற்றும். அவற்றில் இந்தச் சந்தேகம் தேவையில்லை.

உறுமல் சத்தமும் தாங்கியில் நுரையும் இருந்தால் ஒயிலோடு காற்றுக் கலந்திருக்கிறது. ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருக்கலாம். அந்த வெடிப்பினால் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே காற்று மட்டும் போகக்கூடும். ஆகவே கீழே ஒயில் இல்லை என்பதால் குழாய் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பழைய ரப்பர் குழாய் உள்பக்கமாக உரிந்து, வேகம் கூடும்போது தானே அடைத்துக்கொள்வதும் உண்டு.

எந்த ஒழுங்கும் இல்லாமல் திடீரென்று இறுகி, திடீரென்று இளகினால், அழுக்கு ஒயிலால் பம்பின் வால்வு சிக்கிக்கொள்கிறதா என்று பார்க்கவேண்டும். தாங்கியிலுள்ள வடியையும் கழற்றிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ஸ்டியரிங் பெட்டியின் வால்வையோ உள் சீலையோ சந்தேகிக்கலாம்.

வீலின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இறுகினால் ஒயிலைக் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங் தண்டின் மூட்டு துருப்பிடித்திருக்கக்கூடும். கிங் பின்னுக்குக் கிரீஸ் போகாவிட்டாலும், முன் டயரில் காற்றுக் குறைந்தாலும் லொறி இறுகத்தான் செய்யும். இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. முன் அச்சை ஜாக்கில் தூக்கி, உறுதியான தாங்கு கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு வீலைத் திருப்புங்கள். அப்போதும் ஓரிடத்தில் சிக்கினால் கோளாறு இரும்பில் இருக்கிறது. பம்ப் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்யவேண்டும்: டயர் காற்று, ஒயில் மட்டம், பெல்ட், குழாய், கிரீஸ். அதன்பின் கராஜில் அழுத்தமானி பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் ஒயில் சூடாக இருக்கும்போதே பார்க்கவேண்டும். விடியற்காலையில் குளிர்ந்த வெறும் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் கெட்டிக்காரருக்கும் ஒன்றும் தெரியாது. முடிந்தால் அவரையே உச்சி வெயிலில், கோளாறு வந்த அதே பாதையில், அதே அளவு மூட்டைப் பாரத்தோடு அழைத்துப் போங்கள். அந்த ஓட்டத்தில் பின்பெட்டியில் ஆட்களை ஏற்றக்கூடாது.

மூன்று எச்சரிக்கைகள். அழுத்தக் குழாயில் ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். உள்ளே லொறி டயரின் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கிறது, அது ஒயிலைத் தோலுக்குள்ளேயே செலுத்திவிடும். பிரேக் ஒயிலைப் பவர் ஸ்டியரிங் தாங்கியில் ஊற்றாதீர்கள், சீல்கள் கெட்டுவிடும். ஓடும்போது இறுகினால் எஞ்சினை நிறுத்தாதீர்கள். இரண்டு கையாலும் வீலைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, ஆட்களை இறக்குங்கள்.

புகைச் சான்றிதழைக் காட்டி “வாகனம் நல்லது” என்று சொல்வோரும் உண்டு. புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளக்கிறது, ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு பெறும் உரிமையைத் தருகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆனால் விபத்து நடந்தபின் “கோளாறு இருந்தது, முன்பே சொன்னோம்” என்று வாயால் சொன்னால் எடுபடாது. அங்கே பேசப்போவது சாரதியின் கொப்பிதான். கோளாறைத் தேடிப் பிடிக்க உதவும் அதே பக்கம், நாளை அவருக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு லொறியிலும் குறைகளைப் பதியும் கொப்பி இருக்கவேண்டும். சாரதி எழுதிய குறைக்குக் கீழே பொறுப்பாளர் திகதியிட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். குறை தீரும்வரை அந்த லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது. குறையைச் சொன்ன சாரதியின் வேலையிலோ சம்பளத்திலோ கை வைக்கக்கூடாது.

இவற்றுக்கு முதலாளியின் சம்மதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கொப்பி வாங்கும் காசு கிளைச் சங்கத்திடம் இருக்கிறது. இந்த மாதக் கிளைக் கூட்டத்துக்குச் சாரதிகளை அழையுங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். லொறியில் ஏறும் பெண்களும் வரட்டும். “இன்று லொறி வளைவில் இழுத்தது” என்று முதலில் உணர்வது பல வேளைகளில் பின்பெட்டியில் நிற்கும் அவர்கள்தான். அதையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள்.