வரிசையில் நிற்க அமெரிக்காவில் நிற்க வேண்டுமா?

தஞ்சைச் சீமையில் எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வலங்கைமானிலும் கேட்கலாம்.

"தம்பி எப்போது ஊருக்கு வருகிறான்?"

"கிரீன் கார்டு வரட்டும். வந்துவிடுவான்."

"கார்டு எப்போது வரும்?"

அதற்குத்தான் பதில் இல்லை!

பிள்ளை கார்டுக்காக அமெரிக்காவில் காத்திருக்கிறான். பெற்றோர் பிள்ளைக்காக இங்கே காத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பினால் வரிசையில் இடம் போய்விடும் என்று இருவருக்கும் பயம். இந்தப் பயத்தில் பாதி வீண் பயம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கார்டு என்றால் என்ன?

கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கவும் வேலை பார்க்கவும் தரும் உரிமை. குடியுரிமை வேறு. கார்டு வாங்கிப் பொதுவாக 5 ஆண்டு ஆன பிறகே குடியுரிமை கேட்கலாம்.

வேலையின் பேரில் கார்டு வாங்குவோர் பெரும்பாலும் மூன்று படி ஏற வேண்டும். முதல் படியில், இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் சான்று பெற வேண்டும். அதற்கு மனுச் செய்த நாள்தான் பிள்ளையின் வரிசைத் தேதி. இரண்டாம் படியில், "இவர் எனக்கு வேண்டும்" என்று முதலாளி குடியேற்ற இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். இதற்கு ஐ-140 என்று பெயர். மூன்றாம் படியில், முறை வரும்போது பிள்ளையே கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த மூன்றாம் படிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. அமெரிக்காவில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பது ஒன்று. சொந்த நாட்டில் இருந்து, அமெரிக்கத் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பது மற்றொன்று. நம் நாட்டவருக்கு அந்த நேர்காணல் மும்பையில் நடப்பது வழக்கம்.

முறைத் தண்ணீர்க் கணக்கு

எந்த வாசலில் போனாலும் வரிசை ஒன்றுதான். வேலையின் பேரில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். 1990-ம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது. மனைவி மக்களும் இதில்தான் சேர்த்தி. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக நூற்றுக்கு 7-க்கு மேல் கிடையாது.

ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். 1,000 வேலி உள்ள ஊருக்கும் 10 வேலி உள்ள ஊருக்கும் ஒரே அளவு நேரம் மதகைத் திறந்தால் என்ன ஆகும்? சின்ன ஊரில் வயல் நிரம்பும். பெரிய ஊரின் கடைமடை காயும். இந்தியா அந்தப் பெரிய ஊர்! பட்டம் படித்தவர்களுக்கான இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் நம்மவர்கள் பத்தாண்டுக்கும் மேலாக நிற்கிறார்கள்.

இங்கே பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. பிறந்த மண்ணைப் பார்க்கிறார்கள். வலங்கைமானில் பிறந்தவர் கனடாக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசைதான்.

இது நியாயமா? நியாயம் இல்லை. இந்த அநியாயம் இன்று நேற்று வந்ததும் அல்ல.

1869-ல் வலங்கைமானில் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அவர் 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்றார். அங்கே குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை கேட்டார். மறு ஆண்டு, 1923-ல், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-ல் கதவு சிறிது திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்றார்கள். 1965-ல் பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. ஆனாலும் பிறந்த மண்ணைக் கேட்கும் வழக்கம் முழுதும் போகவில்லை.

உள்ளே இருப்பவருக்கு என்ன லாபம்?

உள்ளே இருந்து விண்ணப்பித்தால் சில வசதிகள் உண்டு. முடிவு வரும்வரை அங்கேயே தங்கலாம். தனி அனுமதி வாங்கி, கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கலாம். மனுக் கொடுத்து 180 நாள் கடந்தால், அதே மாதிரி வேறு வேலைக்கு மாறலாம். இந்த வசதி 2000-ம் ஆண்டுச் சட்டம் தந்தது.

சிக்கலும் உண்டு. மனு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போனால், மனுவைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். எச்-1பி விசா உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விசா காலாவதி ஆகியிருந்தால், திரும்பிப் போகப் புது விசா வேண்டும். 2025 டிசம்பரில் இந்தியாவில் விசா நேர்காணல்கள் பல மாதம் தள்ளிப்போயின. ஊருக்கு வந்த பலர் திரும்ப முடியாமல் தவித்தார்கள்.

முறை வருவதற்குள் வேலை போனாலோ, எச்-1பி விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பிள்ளைகளுக்கு 21 வயது ஆனால், பெற்றோரின் மனுவில் இருந்து கழன்றுபோகும் ஆபத்து உண்டு. 2002-ல் வந்த சட்டம் வயதுக் கணக்கில் சிறிது சலுகை தருகிறது. அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத செய்தி

கார்டு தருவது வருங்கால வேலைக்கு. காத்திருக்கும் காலமெல்லாம் அமெரிக்காவிலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை!

ஐ-140 மனு ஏற்கப்பட்டால், வரிசைத் தேதி பிள்ளையுடையது. மோசடி, பெரும்பிழை போன்ற காரணங்களால் ரத்து ஆனால் ஒழிய, அது போகாது. அவன் ஊருக்குத் திரும்பலாம். சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கலாம். முறை வரும்போது தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். விசா கிடைத்தபின், அதில் குறித்த தேதிக்குள் அமெரிக்காவில் கால் வைத்தால், அன்றே நிரந்தரவாசி.

இதிலும் முள் உண்டு. முறை வரும் நாளில் வேலை தர ஒரு முதலாளி இருக்க வேண்டும். பழையவர் கைவிட்டால், புதியவர் முதல் இரண்டு படிகளை மறுபடி ஏற வேண்டும். பழைய தேதி அப்போது உதவும். தூதரக அதிகாரி மறுத்தால், பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போக வழியில்லை.

யாருக்கு எந்த வாசல்?

அங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், நிலையான வேலையும் உள்ளவர் உள்ளே இருந்தே விண்ணப்பிப்பது நல்லது. மனு ஏற்கப்பட்டு, இங்கே படுக்கையில் கிடக்கும் பெற்றோரை எண்ணித் தூக்கம் இழப்பவர் திரும்பி வரலாம். வெளி வாசல் அவருக்காகத் திறந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து வரும் அட்டைக்காக, தகப்பனின் கடைசிக் காலத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டுமா?

"கார்டு வந்தால் எங்களையும் அழைத்துக்கொள்வான்" என்று நம்பும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்காக மனுச் செய்ய முடியாது. குடியுரிமை பெற்ற பிறகே முடியும். கார்டு கைக்கு வந்த பின்னும் அவன் ஊரில் நெடுநாள் தங்க முடியாது. மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டு வெளியே இருந்தால், கார்டுக்கே ஆபத்து. வயதைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு விளங்கும்.

ஊர் வாய்க்குப் பயப்படாதீர்கள்

சட்டத்தைவிட ஊர்ப் பேச்சுதான் பல பிள்ளைகளைத் தடுக்கிறது. "திரும்பி வந்துவிட்டானே, என்ன தப்புச் செய்தானோ?" என்று திண்ணையில் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வந்து உங்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

அடுத்த முறை பிள்ளை பேசும்போது, "கார்டு வந்ததா?" என்று கேட்காதீர்கள். "உன் வரிசைத் தேதி என்ன? ஐ-140 ஏற்கப்பட்டதா? அந்தக் காகிதத்தின் நகல் உன் கையில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே, கிளம்புமுன் நல்ல வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு இன்னொன்றும் சொல்லுங்கள். "நீ வந்தால் எங்களுக்கு அவமானம் இல்லையப்பா!" இந்த ஒரு சொல்லுக்காகப் பல பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.