பழம்புதினங்கள் ஏன் கடினமாகின்றன?

நுழையும்முன்

தடித்த புதினம் ஒன்றை ஆவலுடன் எடுத்துப் பத்துப் பக்கங்களுக்குள் மூடிவைத்த பட்டறிவு நம்மில் பலருக்கு உண்டு. அதற்குக் காரணம் சோம்பல்தானா? தமிழாசிரியர் ஒருவரின் கருத்தை இக்கட்டுரையில் படிப்போம்.

"இக்காலப் பிள்ளைகள் கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை, இவர்கள் எங்கே புதினம் படிக்கப்போகிறார்கள்?" என்று பெரியவர்கள் குறைகூறக் கேட்கிறோம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னவன்தான். ஐதராபாத்து நகரின் திருமுல்கேரிக்குப் பணிமாறுதலில் வந்த பிறகு அக்கருத்தை மாற்றிக்கொண்டேன். மாற்றியவர்கள் என் மாணவர்கள்.

படைவீரர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி இது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, விளையாட்டுத்திடலில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என நான்கு மொழிகளுக்கிடையே எம் மாணவர்கள் வளர்கின்றனர். தமிழைத் தடையின்றிப் பேசுவர். ஆனால் எழுத்துக்கூட்டியே படிப்பர். வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளைகளே தமிழுக்குக் கிடைக்கின்றன.

வந்த முதலாண்டில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தை அவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்பினேன். நேரம் போதாது என்று கருதி, ஐந்து பாகக் கதையையும் இரண்டு பக்கங்களில் சுருக்கிச் சொல்லி எழுதச் செய்தேன். பின்னர்த் தேர்வும் வைத்தேன். பன்னிரு மாணவர்களும் பிழையற்ற தமிழில் விடை எழுதியிருந்தனர். ஆனால் பன்னிரண்டு தாள்களிலும் குந்தவை, ஆதித்த கரிகாலனின் தமக்கை என்றே இருந்தது. உண்மையில் அவள் அவனுக்குத் தங்கை, அருள்மொழிவர்மனுக்கே தமக்கை. அப்பிழை மாணவர்களுடையதன்று. சொல்லி எழுதச் செய்தபோது நான் செய்த பிழை அது. ஒருவரேனும் புதினத்தைத் திறந்திருந்தால் அது வெளிப்பட்டிருக்கும். அவர்கள் படித்தது கல்கியை அன்று, என்னை.

அன்று முதல், புதினத்திற்கும் மாணவர்க்கும் இடையே நிற்கும் தடைகள் எவை என எண்ணிப் பார்க்கலானேன்.

முதல் தடை மொழி. தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லை என்னும் குறையைப் போக்கவே மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதனை எழுதினார். அன்றைய வழக்கப்படி வடசொற்கள் அதில் மிகுதி. கதையின் நடுவே அறவுரைகளும் கிளைக்கதைகளும் மிகுதி. பேச்சுத்தமிழை மட்டும் அறிந்த மாணவர்க்குப் பாடநூல் தமிழே இரண்டாம் தமிழ். இப்புதினத்தின் தமிழ் மூன்றாம் தமிழாகிவிடுகிறது. ஒரு பக்கத்தில் பத்துச் சொற்களுக்குப் பொருள் தேடுபவர்க்குக் கதை எங்கே விளங்கும்?

இரண்டாம் தடை இடம். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தின் பெயர் 'புது வெள்ளம்'. ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரை வழியே வந்தியத்தேவன் குதிரையில் வருவதாகக் கதை தொடங்குகிறது. காவிரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு 'ஆடி', 'புது வெள்ளம்' என்னும் சொற்களே ஆற்றின் ஓசையையும் கட்டுச்சோற்றின் மணத்தையும் கொண்டுவரும். ஆறு பெருகுவதைக் கண்டறியாத பிள்ளைக்கு அவை வெறுஞ்சொற்கள். எனினும் இத்தடை கடக்க முடியாததன்று. ஏறத்தாழ அதே காலத்தில்தான் செகந்திராபாத்தில் போனாலுத் திருவிழா நிகழ்கிறது. வேப்பிலை சூட்டிய பானைகளைத் தலையில் சுமந்து பெண்கள் மகாகாளி கோயிலுக்குச் செல்வதை எம் மாணவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். அங்கிருந்து தொடங்கினால் காவிரிக்கரை தொலைவில் இல்லை. அவர்கள் அறிந்த உசேன் சாகரைச் சொன்னால் வீராணமும் கண்முன் விரியும். இரண்டும் மன்னராட்சிக் காலத்தில் மனிதர் வெட்டிய ஏரிகளே.

மூன்றாம் தடையே பெருந்தடை. அதனை உண்டாக்கியவர்கள் ஆசிரியராகிய நாங்கள். நாம் போற்றும் பழம்புதினங்கள் பல, ஒரே மூச்சில் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேல் 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் சார்லசு டிக்கன்சின் புதினங்களும் இவ்வாறே பகுதி பகுதியாக வந்தவை. அன்றைய வாசகர் ஒரு வாரத்தில் படித்தது ஓரிரு இயல்களே. அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தனர். என்ன நேரும் என்று தமக்குள் வாதிட்டனர். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் கேட்டனர். இயலின் இறுதியில் ஒரு புதிர் வைப்பதும், முன்கதையை நினைவூட்டுவதும் அக்காத்திருப்புக்காகச் செய்யப்பட்டவை. நாம் காத்திருப்பை நீக்கினோம், கேட்பதை நீக்கினோம், வாதத்தை நீக்கினோம். எஞ்சிய தடித்த நூலைக் கொடுத்து, "தேர்வுக்குள் படித்து முடி" என்கிறோம்.

"எளிய சுருக்கப் பதிப்பைக் கொடுத்தால் போதுமே" என்பர் சிலர். தொடக்கநிலையில் அது உதவும், மறுக்கவில்லை. ஆயினும் சுருக்கத்தில் நிகழ்ச்சிகள் இருக்கும்; மனிதர் இருக்கமாட்டார். வந்தியத்தேவன் எங்கே போனான் என்பது தெரியும். அவனுடைய குறும்பும் துடுக்கும் தெரியா. முழுப் புதினத்தின் சுருக்கத்தைவிட, மூல நூலின் ஐந்து இயல்களே மேல்.

அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தேன். வாரம் ஒரு பாடவேளையில் நான் உரக்கப் படித்தேன். மாணவர்கள் நூலில் விரல்வைத்துத் தொடர்ந்தனர். கதை சூடேறும் இடத்தில் நிறுத்தினேன். வினா எதுவும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்கைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வருமாறு மட்டும் சொன்னேன். ஒரு மாணவி கும்பகோணத்திலுள்ள தன் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்தாள். வார இதழின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த கதையை அவர் அரைமணி நேரம் சொன்னாராம். மறுவாரம் அவள் எனக்கு முன்னரே ஓர் இயலைப் படித்துவிட்டு வந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படித்தாள், ஆயினும் படித்தாள். பன்னிருவரும் அவ்வாறு மாறிவிட்டனர் என்று சொல்லமாட்டேன். நால்வர் மாறினர்.

மாணவர்களே, பழம்புதினம் என்பதற்காக ஒன்றைப் புகழவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பிடிக்கவில்லை எனில் காரணத்துடன் சொல்லுங்கள், அதுவும் திறனாய்வே. பாதியில் மூடுவதும் குற்றமன்று. எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்பதை மட்டும் குறித்து வைத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது எங்கள் கடமை.

பயிற்சி

1. புதினத்திற்கும் மாணவர்க்கும் இடையே உள்ள மூன்று தடைகளாக ஆசிரியர் கூறுவன யாவை?
2. "அவர்கள் படித்தது கல்கியை அன்று; என்னை" – ஆசிரியர் இவ்வாறு கூறக் காரணம் யாது?
3. சுருக்கப் பதிப்புகள் குறித்த ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இளமையில் விரும்பிப் படித்த கதையைக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.