குருந்தமும் ராசியும்: நிச்சயதார்த்த மோதிரத்தின் கல்லை யார் தேர்ந்தெடுப்பது?

முகூர்த்த மாதங்களில் நெருளின் நகைக்கடைகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நிகழ்கிறது. மணப்பெண்ணுக்குப் பச்சைக்கல் பிடித்திருக்கிறது. அவளுடைய தாயார் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். சோதிடர் எழுதிக் கொடுத்திருப்பது நீலம். இத்தனை ரத்தி எடை, கல்லின் அடிப்புறம் தோலைத் தொட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரோ வைரம்தான் மதிப்பு என்கிறார்கள். விற்பனையாளர் எல்லோருக்கும் தலையாட்டுகிறார். மோதிரத்தை நாற்பது ஆண்டுகள் அணியப்போகிறவள் மட்டும் பேசுவதில்லை.

இதைக் குடும்பப் பழக்கம் என்று கடந்துவிடலாம். ஆனால் பழக்கம் என்ற சொல்லே இங்கு ஐயத்திற்குரியது. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கும், செம்பூரிலிருந்து நெருளுக்கும் நகர்ந்த பெரும்பாலான இந்துத் தமிழ்க் குடும்பங்களில், மூன்று தலைமுறைக்கு முன் நிச்சயதார்த்தம் என்பது தாம்பூலம் மாற்றிக்கொள்வதே. மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து சேர்ந்தது. நேற்று வந்த சடங்கிற்கு ஆயிரமாண்டுச் சாத்திரம் கல் நிர்ணயிக்கிறது என்பது முதல் முரண்.

இரண்டாவது முரண் சொற்களில் இருக்கிறது. சோதிடர் கல்லைத் தருவதில்லை. கல்லின் பெயரைத் தருகிறார். அப்பெயர் எந்தக் கனிமத்தைச் சுட்டுகிறது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. வைடூரியத்தை எடுத்துக்கொள்வோம். பாணினி இச்சொல்லை விதூரம் என்னும் இடப்பெயரிலிருந்து வருவிக்கிறார். பாலியில் வேளுரியம், பிராகிருதத்தில் வேருலியம் என வழங்கிய வடிவங்களே கிரேக்கத்திற்குச் சென்று பெரில்லோஸ் ஆயின. அங்கிருந்து ஆங்கிலத்தின் பெரில் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லான பிரில்லே வந்ததும் அவ்வழியேதான். ஆனால் இன்று கடைக்காரர் வைடூரியம் என்று எடுத்துக் காட்டுவது பெரிலை அன்று; பூனைக்கண் எனப்படும் கிரைசோபெரிலை. இரண்டும் வேதியியலில் வெவ்வேறு கனிமங்கள். கேதுவுக்கு உகந்தது இவற்றுள் எது?

புட்பராகத்தின் நிலையும் இதுவே. அகராதிகள் அதற்குப் புஷ்பராகம், டோபாஸ் என்று பொருள் எழுதுகின்றன. சந்தையில் குருவுக்குரிய கல்லாக விற்கப்படுவதோ மஞ்சள் நிறச் சஃபயர். பதுமராகம் தமிழிலும் வடமொழியிலும் செம்மணியாகிய மாணிக்கம். அச்சொல்லே சிங்களத்தின் வழியே பத்பராட்ஷா என்று உருமாறி, இன்றைய வணிகத்தில் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த சஃபயருக்குப் பெயராயிற்று. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குழப்பமும் அன்று. பண்டைக் கிரேக்கர் சாப்பெய்ரோஸ் என்றது இன்றைய சஃபயரை அன்று, லாபிஸ் லசூலியை என்பது அறிஞர்களின் பொதுக் கருத்து. சொற்கள் இப்படி இடம்பெயர்வது மொழியியலில் இயல்பான நிகழ்வு. இயல்பல்லாதது, அவ்வாறு இடம்பெயர்ந்த சொல்லை நம்பி ஒரு பெண்ணின் வாழ்நாள் நலனுக்கு உத்தரவாதம் எழுதித் தருவது.

பெயர் மாறினாலும் கல்லின் ஆற்றல் மாறாது என்று இதற்கு விடை வரக்கூடும். அப்படியானால் கல்லின் உட்பொருளையே பார்க்கலாம். மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு. இரு கோள்களும் பகை, ஆகவே இரு கற்களையும் சேர்த்து அணியலாகாது என்பது பரவலான விதி. கனிமவியலிலோ இரண்டும் ஒரே பொருள்: அலுமினியம் ஆக்சைடு. மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. சிறிதளவு இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அவ்விரண்டுக்கும் பொதுவான அறிவியல் பெயர் கொரண்டம். அச்சொல்லின் வேர் தமிழின் குருந்தம் என்று ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. பகைக் கோள்களுக்குரிய கற்கள் என்று பிரித்து வைத்தவற்றை ஒன்றாகச் சுட்டும் சொல்லை உலகுக்கு அளித்த மொழியைப் பேசுகிறவர்கள், அவ்விரண்டுக்கும் ஒத்துவராது என்று அஞ்சுவது வேடிக்கை.

இலக்கியத்தைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விரிக்கிறது. ஒன்பது மணிகளும் அங்கு உள்ளன என்பது அவர்கள் சான்று. உள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பேசப்படுவது கல்லின் நிறம், ஒளி, குற்றம், குற்றமின்மை. அணிவோரின் ராசி பேசப்படுவதில்லை. முத்தைச் சொல்லுமிடத்தில் கோள்களின் பெயர்கள் வருவது உண்மையே; அவை முத்தின் நீர்மையை உணர்த்த வருபவை, பரிகாரம் சொல்ல வந்தவை அல்ல. இளங்கோவின் வணிகர்கள் கல்லைச் சோதித்தார்கள். இன்றைய வணிகர் சாதகத்தைக் கேட்கிறார்.

சோதிடத்தை நகைக்கும் படித்தவர்கள் இவ்விடத்தில் நிம்மதி அடைய வேண்டியதில்லை. அவர்கள் கேட்கும் வைரமும் ஒரு சோதிடம்தான். எழுதியது விளம்பர நிறுவனம். வைரம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்ற டி பியர்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற வாசகம் 1947இல் அமெரிக்காவில் ஒரு விளம்பர எழுத்தாளரால் இயற்றப்பட்டது. அதற்கு எதிர்வினையாக நிறக்கல்லை நாடுவோரும் பெரும்பாலும் 1981இல் டயானாவின் கையில் மின்னிய இலங்கை நீலத்தையே பார்த்துக் கேட்கிறார்கள். மித்தி ஆற்றின் ஒரு கரையில் பாந்த்ரா குர்லா வளாகத்தின் வைரச் சந்தை, மறுகரையில் தாராவி என்று நிற்கும் நகரத்தில், எந்தக் கல் மதிப்புடையது என்பதை விளம்பரத்திடம் கேட்டு அறிவது அறிவுடைமை ஆகாது. நிறக்கல் வைரத்தைவிடத் தூய்மையான தெரிவு என்பதும் முழு உண்மை அன்று. மியான்மரின் மோகோக் மாணிக்கங்களின் பின்னால் அந்நாட்டு இராணுவத்தின் வருவாய் இருக்கிறது. 2021 ஆட்சிக் கவிழ்ப்பிற்குப் பின் அரசின் மணிக்கல் நிறுவனத்தின்மீது அமெரிக்கா தடை விதித்ததும் அதனால்தான்.

மூன்றாவதாக ஒரு பெருமிதம் இருக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் பெரில், படிகம், கார்னீலியன் முதலான மணிகளும், செய்து முடிக்கப்படாத மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சுட்டும் கொடுமணம் அவ்வூரே என்பர். அதனருகே காங்கேயம் வட்டாரத்துப் படியூரின் பெரில் பழங்காலத்திலேயே பெயர்பெற்றது. இவற்றையெல்லாம் மேடையில் முழங்குவோர், திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கம் 1902இல் வெர்னெய்ல் அறிவித்த முறையிலிருந்து வருவது. வேதியியலில் அது மாணிக்கமே. அதைப் போலி என்று இகழ்கிற நாவு, கல்லின் பழமையைத் தமிழின் பழமையாகக் கொண்டாடுவது எவ்வகை நேர்மை?

இவையெல்லாம் தனிநபர் நம்பிக்கை, யாருக்கு என்ன கேடு என்பது இறுதிக் கேள்வி. கேடு இருக்கிறது. நீலம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால் சில நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்நாள்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கல் திரும்பும். மோதிரம் மாற்றிய பின் மாப்பிள்ளை வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால், பேச்சு கல்லோடு நிற்பதில்லை. பெண்ணின் சாதகத்திற்கும், அங்கிருந்து பெண்ணுக்கும் செல்கிறது. கல் மாற்றும் செலவு பெரும்பாலும் பெண்ணின் தந்தையினுடையது. நம்பிக்கை ஒருவருடையது, விலை மற்றொருவருடையது என்றால் அது தனிநபர் விவகாரம் அன்று.

தேர்வுக்கு நேர்மையான அளவுகோல்கள் உள்ளன, அவை எளியவை. நாள்தோறும் அணியும் மோதிரம் புழுதியோடு உராய்கிறது. புழுதியில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. ஆகவே 9 உடைய மாணிக்கமும் நீலமும், 8 உடைய ஸ்பினெலும் தாங்கும். மரகதம் ஏறக்குறைய 7.5 முதல் 8 வரை இருந்தாலும் உள்வெடிப்புகள் மிகுந்தது, பெரும்பாலும் எண்ணெய் ஊட்டப்படுவது. இடிபடாமல் காக்கும் கட்டமைப்பும் மென்மையான கழுவலும் வேண்டும். முத்தும் பவழமும் 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ளவை; புளியும் வியர்வையும் அவற்றை அரிக்கும். அடுத்த கேள்வி கல்லுக்கு என்ன செய்யப்பட்டது என்பது. 1970களில் இலங்கையின் பால்நிறக் கெவுடாக் கற்களை 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கித் தாய்லாந்து வணிகர்கள் நீலமாக்கினார்கள். அன்றிலிருந்து சூடாக்குதல் வணிகத்தின் இயல்பு. அதைச் சொல்லி விற்பது தவறன்று, மறைத்து விற்பதே தவறு. எனவே சுதந்திரமான ஆய்வகத்தின் சான்றிதழைக் கேட்க வேண்டும். கல் இயற்கையா வளர்த்ததா, சூடாக்கியதா, நிரப்பியதா என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த பின் எந்த நிறம் என்பது அணிகிறவளின் விருப்பம். பச்சை பிடித்திருக்கிறது என்பது போதுமான காரணம்.

சிலப்பதிகாரத்தை மேற்கோள் காட்டுவோர் அக்காப்பியத்தின் மையத்தை நினைவில் கொள்வது நல்லது. பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டான்; சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்பதைக் கண்ணகி உடைத்துக் காட்டியபோது கோவலன் உயிரோடு இல்லை. கல்லைப் பார்க்காமல் பிறர் சொல்லைக் கொண்டு ஒருவரின் வாழ்வைத் தீர்மானிப்பது என்னவாகும் என்பதைத் தமிழ் முன்பே சொல்லிவிட்டது. நெருள் கடையில் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் திரும்ப வைப்பதற்கு அதைவிடப் பெரிய சாத்திரம் தேவையில்லை.