‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத துணை

2019 அக்டோபர் 31-ஆம் தேதி, 13 ஐயப்ப பக்தர்கள் திருமலையிலிருந்து சபரிமலைக்குக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு தெருநாய் அவர்களைப் பின்தொடர ஆரம்பித்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. ஆனாலும் தங்கும் இடத்துக்கெல்லாம் வந்து சேர்ந்தது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தை அவர்கள் அடைந்தபோது அது 480 கிலோமீட்டர் நடந்து முடித்திருந்தது. புலனத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நம் தித்திவாங்சா மலைத்தொடரின் நீளமும் ஏறக்குறைய 480 கிலோமீட்டர்தான். தற்செயல்தான் என்றாலும், தஞ்சோங் மாலிமில் நின்று கிழக்கே நீலமாகத் தெரியும் அந்த மலைகளைப் பார்க்கிறபோது, ஒரு நாய் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது கண்ணுக்கே புரிகிறது.

மலையேறும் நம் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். வாரம் முழுக்கக் கோலாலம்பூரில் வேலை, சனிக்கிழமை விடியும்போது மலையடிவாரம். 1,933 மீட்டர் உயரமுள்ள குனோங் லியாங் போதாமல், யோங் பெலார், காயோங், கொர்பு என்று மூன்று சிகரங்களை ஒரே நடையில் தொடுகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் கேட்கும் கேள்வி இது: “வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகலாமா?”

நாயால் முடியுமா என்று கேட்டால், முடியும். 2018 நவம்பரில் நேப்பாளத்தில் ஒரு பெண் நாய் மலையேறும் குழு ஒன்றின் பின்னால் போய், 7,129 மீட்டர் உயரமுள்ள பருந்த்சே சிகரத்தையே தொட்டுவிட்டது. குழுத் தலைவர் இரவில் அதைத் தன் கூடாரத்துக்குள் படுக்க வைத்துக்கொண்டார். அதற்கும் மூத்த கதை நமக்குத் தெரிந்ததுதான். தம்பிமார் நால்வரும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் தருமரோடு கடைசிவரை இமயம் ஏறியது ஒரு நாய். ஆனால் அது தர்மதேவன் எடுத்த வடிவம். உங்கள் வீட்டு மணிக்குத் தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும்.

இமயத்தில் குளிர், இங்கே புழுக்கம். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்கிறது. நம் காட்டின் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதனால் எவ்வளவு இரைத்தாலும் சூடு எளிதில் இறங்காது. 38, 39 பாகையில் இருக்க வேண்டிய உடம்பு 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாட ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ‘இன்னும் அரைமணி நேரம்தானே, உச்சிக்குப் போய்விடலாம்’ என்ற பேச்சே கூடாது. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை மலைப்பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கும் நீண்ட நடை ஆகாது, எலும்பு முற்றியிருக்காது.

களைத்த நாய் நமக்குச் சொல்வதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். மனிதன் முனகுவான், உட்கார்ந்துவிடுவான், ‘நீங்கள் போங்கள், நான் வரவில்லை’ என்பான். நாயோ நீங்கள் நடக்கும்வரை நடக்கும், விழும்போதுதான் நிற்கும். அதனால் தூரத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லும் கணக்கு எளியது. உங்கள் நாய் 25 கிலோ என்றால், அதைத் தோளில் போட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் இறங்க முடியுமோ, அவ்வளவு தூரம் மட்டும் ஏறுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்களில் பலர் குனோங் லியாங்கை மறந்துவிடுவார்கள்.

‘அந்தக் காலத்தில் தோட்டத்து நாய்கள் போகவில்லையா?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். போயின. பால்மரம் வெட்டிய நாள்களில், விடியுமுன் விளக்கோடு தீம்பாருக்குப் போன நம் பாட்டிமாருக்கு முன்னால் ஒரு நாய் ஓடும். பாம்போ பன்றியோ, முதலில் அதற்குத்தான் தெரியும். ஆனால் அது தினமும் ஓடிய தடம், பிறந்து வளர்ந்த மண். பொழுது ஏறுமுன் லயத்துக்குத் திரும்பிவிடும். அடுக்குமாடி வீட்டில் குளிர்சாதனத்துக்குக் கீழே படுத்திருக்கும் நாயை வாரக் கடைசியில் திடீரென்று காட்டில் இறக்குவது வேறு சங்கதி.

இனி காட்டின் பக்கம் நின்று பார்ப்போம். 2019 ஜூலையில் திரெங்கானு மாநிலம் டுங்குனில், கம்போங் பெசுல் அருகே ஒரு புலி பிடிபட்டது. மனிதரைக் கண்டு மிரளாமல் ஊருக்குள் திரிந்த அதற்கு ‘அவாங் பெசுல்’ என்று பெயர் வைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் சுங்கையில் இருக்கும் வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள், பிழைக்கவில்லை. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமிதான் அதன் நோய்க்குக் காரணம் என்று அப்போதைய அமைச்சர் டாக்டர் சேவியர் ஜெயகுமார் அறிவித்தார். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. நோய் கண்ட நாயின் மூச்சிலும் எச்சிலிலும் பரவக்கூடிய கிருமி இது. நாயைக் காட்டுக்குள் கொண்டுபோகிறவர் கையில் புலியின் உயிரும் இருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். அவாங் பெசுலை நினைத்தால் மிகையில்லை.

ஆகவே தடுப்பூசி அட்டை முழுமையாக இல்லாத நாய் காட்டில் கால் வைக்கக்கூடாது. குட்டிப் பருவத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் போட வேண்டிய ஊசிகள் உண்டு, ஓராண்டில் மறு ஊசியும் உண்டு. டிஸ்டெம்பர், பார்வோ இவற்றோடு எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோவுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீரை நக்காத நாய் எங்கே இருக்கிறது?

கயிற்றை எக்காரணம் கொண்டும் அவிழ்க்காதீர்கள். வேட்டைக்காரர்கள் வைத்த கம்பிக் கண்ணி புலி, நாய் என்று பார்க்காது. கரடியைச் சீண்டிவிட்டு அதையும் கூட்டிக்கொண்டு உங்களிடமே ஓடி வரும் நாயும் உண்டு.

மலாய் மொழியில் ‘மாலிம்’ என்றால் வழி அறிந்தவர். மலை வழிகாட்டிக்கு ‘மாலிம் குனோங்’ என்று பெயர். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதே நாய் வருவதையும் சொல்லுங்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வழிகாட்டியிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பலர் முஸ்லிம் அன்பர்கள், ஈர நாய் பட்டால் அவர்கள் முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும். நடுக்காட்டில் ஒருவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுப்பது என்ன நாகரிகம்? ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். எல்லோரும் நீர் எடுக்கும் இடத்தில் நாயை இறக்காதீர்கள், கீழே தள்ளிப் போய்க் குடிக்க விடுங்கள்.

மலைதான் வேண்டுமென்பதில்லை. பேராங், சிலிம் ரிவர் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலைகளில், நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை நடந்து பாருங்கள். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர், பிறகு ஐந்து, அதற்குப் பிறகு எட்டு. நாய்க்கும் பாதம் உரமேறும், உங்களுக்கும் அதன் மூச்சு பழகும்.

திரும்பி வந்ததும் குளிப்பதற்கு முன் நாயைப் பாருங்கள். காதுமடலின் உட்புறம், விரல் இடுக்கு, வாலடி, இந்த மூன்று இடத்திலும் உண்ணி ஒளிந்திருக்கும். கிள்ளி எறியாமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நாய் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தும்மினால், ஒரே பக்க மூக்கில் இரத்தம் கண்டால், அட்டை உள்ளே போயிருக்கக்கூடும். அதை நீங்களே எடுக்கப் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.